மோசமான குதிரையைக் கேட்ட மனிதர்!



புவியியல் பாடத்தில் உலகப் புல்வெளிகளின் பெயர்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆசியாவில் ஸ்டெப்பி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், தென் ஆப்பிரிக்காவில் வெல்டு, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ், வட அமெரிக்காவில் பிரெய்ரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, அந்தப் புல்வெளிகளில் யார் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒருவரின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஜான் வேர். ஆங்கிலப் பெயர்தான். ஆனால், தமிழில் எழுதிப் பார்த்தால் மரத்தின் வேர் போலவே இருக்கிறது அல்லவா? பெயர் பொருத்தமானதுதானா என்று கதையைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கனடா நாட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்தில் ராக்கி மலைத்தொடர் இருக்கும். அதற்குக் கிழக்கே ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா என்று மூன்று மாகாணங்கள். இவற்றுக்குப் பிரெய்ரி மாகாணங்கள் என்றே பெயர். தெற்குப் பகுதியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல், புல், புல்தான்! காற்று வீசினால் கடல் போல அலையடிக்கும்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே பிளாக்ஃபுட் போன்ற பழங்குடி மக்கள் பைசன் என்னும் காட்டெருமைகளை வேட்டையாடி வாழ்ந்து வந்தார்கள். துப்பாக்கிகள் வந்த பிறகு, 1870களின் இறுதிக்குள் அந்த மந்தைகள் ஏறக்குறைய அழிந்துபோயின. பழங்குடி மக்கள் பட்டினி கிடந்தார்கள். 1877ல் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்ட அரசாங்கம், அவர்களைச் சிறு சிறு நிலப்பகுதிகளுக்குள் ஒதுக்கியது. மீதிப் புல்வெளியைப் பெரிய மாட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட்டது. பண்ணைக்காரர்களுக்கு மாடுகள் தேவைப்பட்டன. மாடுகளை ஓட்டி வர ஆட்களும் தேவைப்பட்டார்கள். அப்படி வந்தவர்தான் ஜான் வேர்.

அவர் பிறந்தது அமெரிக்காவின் தெற்குப் பகுதியில். 1845க்கும் 1850க்கும் இடைப்பட்ட ஓர் ஆண்டில். இது என்ன, பிறந்த தேதி கூடவா இல்லை என்று கேட்கிறீர்களா? இல்லைதான். ஏனென்றால், அவர் அடிமையாகப் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைச் சந்தையில் மாடு வாங்குவது போல விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். 1850லும் 1860லும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், முதலாளியின் பெயரை எழுதி, அதன் கீழே அவருடைய அடிமைகளின் வயது, ஆணா பெண்ணா போன்ற விவரங்களை மட்டும் எழுதினார்கள். அடிமையின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். நீங்கள் ஒன்றாம் வகுப்பில் அலுத்துக்கொண்டே எழுதிய அ, ஆ போன்ற எழுத்துகளை ஒரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தால் தண்டனை! ஜானுக்கும் எழுதப் படிக்கத் தெரியாமலே போய்விட்டது.

1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் நடந்த அந்தப் போர் முடிந்த 1865ல் அடிமை முறையும் ஒழிந்தது. இளைஞரான ஜானுக்கு விடுதலை கிடைத்தது. கையில் காசு இல்லை. நிலம் இல்லை. உடம்பில் வலு இருந்தது. மேற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனார். அங்கே மாட்டுப் பண்ணைகளில் வேலை கற்றுக்கொண்டார்.

கௌபாய் என்றதும் உங்களுக்குச் சினிமாவில் வரும் வெள்ளைக்கார வீரர்கள்தானே நினைவுக்கு வருகிறார்கள்? உண்மையில் கறுப்பினத்தவரும் மெக்சிகோ நாட்டவரும் ஏராளமாக அந்த வேலையில் இருந்தார்கள். சினிமாக்காரர்கள் அவர்களை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அது சுகமான வேலையும் அல்ல. விடிவதற்கு முன் குதிரை ஏற வேண்டும். ஆயிரக்கணக்கான மாடுகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம், ஆறுகளைக் கடந்து, புழுதியை விழுங்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். இரவில் இடி இடித்தால் மாடுகள் மிரண்டு ஓடும். குறுக்கே நிற்பவர் பிழைப்பது அரிது. அதனால் இரவுக் காவல்காரர்கள் மந்தையைச் சுற்றி வந்தபடி மெல்லிய குரலில் பாடிக்கொண்டே இருப்பார்களாம். மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடுகள் பயப்படாது!

இப்படி மந்தைகளை ஓட்டி ஓட்டி, வடக்கே வடக்கே என்று போய்க்கொண்டிருந்த ஜான், 1882ம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ பகுதியில் இருந்தார். அங்கே வாங்கிய 3,000 மாடுகளைக் கனடாவிலுள்ள ஒரு புதிய பண்ணைக்கு ஓட்டிச் செல்லும் பொறுப்பு டாம் லிஞ்ச் என்பவரிடம் இருந்தது. பில் மூடி என்ற வெள்ளைக்கார கௌபாயை அவர் வேலைக்குக் கூப்பிட்டார். தன் நண்பர் ஜானையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்று மூடி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். லிஞ்ச்சும் அரை மனதோடு சேர்த்துக்கொண்டார்.

அரை மனது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? ஜானுக்குக் கொடுத்த குதிரை கிழட்டுக் குதிரை. சேணமோ கிழிந்துபோன சேணம். வேலை, யாரும் விரும்பாத இரவுக் காவல். ஜான் ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள்கள் கழித்து லிஞ்ச்சிடம் போய், தனக்குக் கொஞ்சம் நல்ல சேணமும் கொஞ்சம் மோசமான குதிரையும் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார்.

யாராவது மோசமான குதிரையைக் கேட்பார்களா? மற்றவர்களுக்கு ஒரே குஷி! ஏறியவரையெல்லாம் தூக்கி எறியும் ஒரு முரட்டுக் குதிரையைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜான் ஏறி உட்கார்ந்தார். குதிரை துள்ளியது. குதித்தது. முதுகை வில்லாக வளைத்து உதறியது. நின்ற இடத்திலேயே சுழன்றது. ஜான் இறங்கவில்லை! கடைசியில் குதிரைதான் களைத்துப்போய் நின்றது. அதோடு இரவுக் காவல் வேலையும் முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் மற்றவர்களோடு சமமாகப் பகலில் குதிரை ஓட்டினார்.

1882 இலையுதிர் காலத்தில் மந்தை, ராக்கி மலையடிவாரத்தில் ஹைவுட் ஆற்றுப் பகுதியில் இருந்த பார் யூ பண்ணைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அந்தப் பக்கம் ரயில் கிடையாது. பக்கத்து ஊரான கால்கரிக்கே 1883ல்தான் ரயில் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு ஓட்டி வந்தவர்களில் பலர் கூலியை வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். ஜானைப் பண்ணை நிர்வாகி விடவில்லை. அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார்.

ஜானைப் பற்றி இன்னும் எத்தனையோ கதைகள் உண்டு. தொழுவத்தில் நெருக்கி நிற்கும் மாடுகளின் முதுகின் மேலேயே நடந்து மறுபக்கம் போவாராம். கன்றுக்குட்டியை ஒரே கையால் புரட்டிப் போடுவாராம். இவ்வளவு பெரிய மனிதருக்குப் பாம்பு என்றால் மட்டும் நடுக்கமாம்! இவையெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதைகள். வாய் மாற மாற வளர்வதுதானே கதைகளின் குணம்? நான் பாம்புக் கதையை நம்புகிறேன். மற்றவற்றில் பாதியை நம்புகிறேன். ஆனால், அச்சில் வந்த சாட்சி ஒன்று இருக்கிறது. 1885ம் ஆண்டு, ஃபோர்ட் மெக்லியோட் என்ற ஊரின் பத்திரிகை, ஜான் ஏற முடியாத குதிரை இந்தப் புல்வெளியிலேயே இல்லை என்று எழுதியது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவரைப் புகழ்ந்தவர்கள்கூட ஜான் வேர் என்று மரியாதையாக அழைக்கவில்லை. கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லை அவர் பெயருக்கு முன்னால் சேர்த்தே அழைத்தார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்ந்த பகுதியில் ஒரு மலைமுகட்டுக்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் இறந்து பல காலத்துக்குப் பிறகுதான் அதை மாற்றி, ஜான் வேர் முகடு என்று பெயரிட்டார்கள். உதவிக்கு ஜான் வேண்டும். குதிரையை அடக்க ஜான் வேண்டும். ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் நாக்கு வராது. இதையெல்லாம் தினமும் காதில் வாங்கிக்கொண்டுதான் அவர் வேலை பார்த்தார்.

சரி, குளிரைப் பற்றிப் பேசுவோம். இந்தக் கதையில் குளிருக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. மறந்துவிடாதீர்கள்!

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கும் ஃப்ரீசரின் வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். பிரெய்ரியில் குளிர்காலத்தில் சில நாள்கள் மைனஸ் 40 டிகிரி வரை போகும். (மைனஸ் 40ல் ஒரு வேடிக்கை உண்டு. செல்சியஸ் அளவும் பாரன்ஹீட் அளவும் ஒன்றாக இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.) அந்தக் குளிரில் பனிப்புயல் அடித்தால் எதிரில் நீட்டிய கையே தெரியாது. வழி தவறியவர் விறைத்தே செத்துப்போவார்.

ஆனால், இயற்கை அங்கே ஒரு மருந்தும் வைத்திருக்கிறது. அதுதான் சினூக் காற்று. ராக்கி மலையின் மேற்கிலிருந்து ஏறி வரும் காற்று, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடாகிவிடும். சில மணி நேரத்தில் தரையிலிருக்கும் பனியை உருக்கிவிடும். அதனால் அதற்குப் பனி உண்ணி என்று பெயர். பனி உருகினால் மாடுகள் காய்ந்த புல்லை மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்.

1886 - 87 குளிர்காலத்தில் அந்தக் காற்று கைவிட்டது. பனி உறைந்து கல்லாகிப்போனது. மாடுகளால் புல்லை எட்ட முடியவில்லை. புல்வெளி முழுவதும் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. சில பண்ணைகள் அதோடு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கொடிய குளிர்காலத்திலும் ஜான் வேர் அங்கேதான் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூலிக்கு மாடு மேய்த்துக்கொண்டே தனக்கென்றும் சில மாடுகளைச் சேர்க்கத் தொடங்கினார் ஜான். வேலியில்லாத வெளியில் எல்லோருடைய மாடுகளும் கலந்து மேயும். எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஓர் அடையாளச் சூடு போடுவார். அந்த அடையாளத்தை அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்வார். ஜான் பதிவு செய்த அடையாளம் என்ன தெரியுமா? 9999! ஒன்பது என்ற எண் பிடிகொண்ட கைத்தடி போல இருப்பதால், ஊர்க்காரர்கள் அதைக் கைத்தடிச் சூடு என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரின் கையெழுத்து என்று அதைச் சொல்லலாம்.

ஷீப் ஆற்றின் பக்கம் அவர் நிலம் எடுத்து, மரக்கட்டைகளால் வீடு கட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்திலுள்ள ஓர் ஓடைக்கு இன்றும் வேர் ஓடை என்று பெயர்.

அந்த வட்டாரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் மிக மிகக் குறைவு. அப்போதுதான் டேனியல் லூயிஸ் என்ற தச்சர் தன் குடும்பத்தோடு கிழக்கேயிருந்து கால்கரிக்கு வந்து குடியேறினார். அவருடைய மகள் மில்ட்ரெட். நன்கு படித்த பெண். ஜானுக்கும் மில்ட்ரெட்டுக்கும் பழக்கம் ஏற்பட்டது. ஒருநாள் இருவரும் நண்பர்களோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி இரண்டு குதிரைகளும் செத்து விழுந்தனவாம். ஜான் இறங்கி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தானே வண்டியை இழுத்துக்கொண்டு வீடு சேர்த்தாராம். இதுவும் பாதி நம்பும் கதைகளில் ஒன்றுதான். இருந்தாலும் எனக்குப் பிடித்த கதை.

அவர்கள் திருமணம் நடந்த நாள் 1892ம் ஆண்டு பிப்ரவரி 29. ஆம், லீப் ஆண்டு! நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திருமண நாள் வரும். 1896ல் வந்தது. அடுத்தது 1900ல் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஏமாந்தீர்கள். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆக, அடுத்த திருமண நாளுக்கு அவர்கள் 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மில்ட்ரெட் வந்த பிறகு பண்ணைக் கணக்குகளை அவரே எழுதினார். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1893ல் மூத்த மகள் நெட்டி பிறந்தாள். அந்த ஆண்டே கால்கரி கண்காட்சியில், சுருக்குக் கயிறு வீசி மாட்டை மடக்கிக் கட்டும் போட்டியில் ஜான் வெற்றி பெற்றார். அடுத்தடுத்து பிள்ளைகள் பிறந்தார்கள். மொத்தம் ஆறு பேர். அவர்களில் ஒரு பையன் சிறு வயதிலேயே இறந்துவிட்டான்.

மலையடிவாரத்தில் கூட்டம் பெருகியது. எங்கு பார்த்தாலும் வேலி. மாடு மேய்க்க இடம் போதவில்லை. எனவே, 1900க்குப் பிறகு ஜான் குடும்பத்தோடு கிழக்கே ரெட் டீர் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கட்டிய வீட்டை 1902ல் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஐம்பது வயதைத் தாண்டிய ஜான், மேட்டில் மீண்டும் ஒரு வீடு கட்டினார். ஆறு அடித்து வந்த மரங்களையே பிடித்து இழுத்துக் கட்டினார் என்று சொல்வார்கள்.

1905ம் ஆண்டு அந்தக் குடும்பத்துக்குப் பொல்லாத ஆண்டாகிவிட்டது. வசந்த காலத்தில் மில்ட்ரெட் நோயில் விழுந்து இறந்துபோனார். லீப் ஆண்டுத் திருமண நாள் அவர்களுக்கு இரண்டே முறைதான் வந்திருந்தது. செப்டம்பர் 1ம் தேதி ஆல்பர்ட்டா தனி மாகாணமானது. ஊரெங்கும் கொண்டாட்டம். சரியாகப் பத்து நாள்கள் கழித்து, செப்டம்பர் 11ம் தேதி, ஜான் தன் மகன் ராபர்ட்டோடு குதிரையில் போய்க்கொண்டிருந்தார். பேட்ஜர் என்று ஒரு விலங்கு உண்டு. அது புல்வெளியில் பொந்து தோண்டி வாழும். அந்தப் பொந்தில் குதிரையின் கால் இடறியது. குதிரை விழுந்தது. ஜானின் மேலேயே விழுந்தது. அந்த இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. எந்த முரட்டுக் குதிரையாலும் தூக்கி எறிய முடியாத மனிதர், ஒரு சிறு குழியால் இறந்துபோனார்.

கால்கரியில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பண்ணை முதலாளிகள், கௌபாய்கள், நகரத்தார் என்று பெருங்கூட்டம் கூடியது. அந்த ஊர் அதுவரை கண்ட மிகப் பெரிய இறுதிச் சடங்குகளில் அதுவும் ஒன்று. மில்ட்ரெட் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களா? இல்லை. நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்ற பகுதி 1907ல் மாநிலமானது. ஆனதுமே அங்கு ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டார்கள். 1910ல் அவர்களுடைய ஓட்டுரிமையையும் தந்திரமாகப் பறித்தார்கள். அதே நேரத்தில் கனடா அரசாங்கம், பிரெய்ரியில் குடியேற வாருங்கள், 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம் என்று அமெரிக்கா முழுவதும் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. விளம்பரத்தில் தோலின் நிறம் பற்றி ஒன்றும் இல்லை. சரி, நாமும் போவோம் என்று ஓக்லஹோமாவின் கறுப்பின விவசாயிகள் மூட்டை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆயிரம் பேருக்கு மேல் ஆல்பர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களைப் பார்த்ததும் வரவேற்றவர்களின் முகம் மாறியது. எட்மன்டன் நகரில் அவர்களை உள்ளே விடக்கூடாது என்று 3,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 1911 மார்ச் மாதம் பாதிரியார் ஹென்றி ஸ்னீட் தலைமையில் ஒரு பெரிய கூட்டம் எல்லைக்கு வந்தபோது, ஏதாவது நோயைக் காட்டித் திருப்பி அனுப்பலாம் என்று துருவித் துருவி மருத்துவச் சோதனை செய்தார்கள். எல்லோரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள். கையில் போதிய பணமும் இருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே விட்டார்கள்.

பிறகு 1911 ஆகஸ்ட் 12ம் தேதி, பிரதமர் வில்ஃபிரட் லோரியேவின் மந்திரி சபை ஓர் ஆணைக்கு ஒப்புதல் கொடுத்தது. கறுப்பினத்தவர் ஓராண்டுக்குக் கனடாவில் குடியேறக்கூடாது என்பது அந்த ஆணை. என்ன காரணம் எழுதினார்கள் தெரியுமா? கனடாவின் தட்பவெப்பநிலை அவர்களுக்கு ஒத்துவராதாம்!

குளிரை மறந்துவிடாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? 1882லிருந்து 1905 வரை 23 குளிர்காலங்களை அதே புல்வெளியில், கூரைக்கு அடியில் அல்ல, குதிரை முதுகில் கழித்தவர் ஜான் வேர். அவர் இறந்து ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் எல்லாம் உயிரோடுதான் இருந்தார்கள். தலைநகர் ஒட்டாவாவில் பேனாவைப் பிடித்தவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதுவதை நிறுத்தியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். குளிர் ஒரு சாக்கு. அவ்வளவே.

அந்த ஆணையை நடைமுறைப்படுத்தவே இல்லை. அக்டோபரில் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால், அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. அரசாங்கம் ஓக்லஹோமாவுக்கே ஆட்களை அனுப்பி, கனடாவுக்கு வந்தால் குளிரில் செத்துப்போவீர்கள் என்று ஊர் ஊராகப் பயமுறுத்த வைத்தது. வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

வந்து சேர்ந்தவர்கள் செத்தா போனார்கள்? இல்லை! எட்மன்டனுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், காடும் சேறும் கொசுவுமாகக் கிடந்த இடத்தைச் சீர்திருத்தி ஓர் ஊர் உண்டாக்கினார்கள். மரத்தை வெட்டினால்தான் வயல். வயல் விளைந்தால்தான் சோறு. விளையாத ஆண்டுகளில் ஆண்கள் தொலைவில் போய்க் கூலி வேலை பார்த்துக் காசு அனுப்பினார்கள். பெண்கள் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள். 1913ல் டோல்ஸ் பள்ளிக்கூடம் திறந்தார்கள். தேவாலயம் கட்டினார்கள். இந்த ஊர்தான் பிற்காலத்தில் ஆம்பர் வேலி என்று பெயர் பெற்றது. ஒரு காலத்தில் சுமார் 300 பேர் வாழ்ந்தார்கள். ஆம்பர் வேலியின் பேஸ்பால் அணி என்றால் வடக்கு ஆல்பர்ட்டா முழுவதும் பிரபலம். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் அவர்களுடைய பிக்னிக்குக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து எல்லா நிறத்தவரும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரின் அருகே இன்னொரு கூட்டம் குடியேறியது. அவர்கள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஷைலோ தேவாலயம் இன்றும் நிற்கிறது. எட்மன்டனுக்குத் தென்மேற்கே கீஸ்டோன் என்ற ஊரில் குடியேறிய ஒரு குடும்பத்தின் பேத்திதான் வயலட் கிங். 1929ல் கால்கரியில் பிறந்த இவர், 1954ல் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரானார்.

ஜான் வேரின் பிள்ளைகளுக்கு வருவோம். முதல் உலகப் போரின்போது அவருடைய மகன்களில் இருவர் கனடாவின் கறுப்பினப் படைப்பிரிவில் சேர்ந்து பணியாற்றினார்கள். கால்கரியில் ஒரு பள்ளிக்கு ஜான் வேர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2012ல் கனடா அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. உங்களில் தபால் தலை சேகரிப்பவர்கள் தேடிப் பாருங்கள். 1902 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டில் கட்டினாரே, அந்த வீட்டை 1958ல் பக்கத்திலிருக்கும் டைனோசர் மாகாணப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். டைனோசர் எலும்புகளைப் பார்க்க வரும் குழந்தைகள், இந்தச் சின்ன மரவீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு பெரிய மனிதர், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இதற்குள் எப்படிப் படுத்தார்கள் என்று யோசிப்பார்களாக இருக்கும்.

மூத்த மகள் நெட்டி திருமணம் செய்துகொள்ளவில்லை. குளிர் ஒத்துவராது என்று எழுதினார்களே, அதே ஆல்பர்ட்டாவில்தான் அவர் பிறந்தார், வளர்ந்தார், முதுமை அடைந்தார். பிறந்தது 1893. இறந்தது 1989. எத்தனை குளிர்காலம் என்று ஒரு தாளில் நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.